சாவியும் அதே பெட்டிக்குள்

போன மாதம் ஆதார் நகல் எடுக்கத் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் போயிருந்தேன். மின்-ஆதார் கோப்பைக் கடையின் மின்னஞ்சலுக்கு அனுப்பினேன். கடவுச்சொல் கேட்டது. நான் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே, கணினி முன்னால் இருந்த பெண், "சார், பொறந்த வருஷம் மட்டும் சொல்லுங்க, போதும்" என்றார். பெயர்தான் நான் அனுப்பிய மின்னஞ்சலிலேயே இருக்கிறதே. சொல்லி வாய் மூடுவதற்குள் பிரிண்டர் உறும ஆரம்பித்துவிட்டது.

அன்று இரவு, புதிதாக வாங்கிய டேப்லெட்டில், மூன்று வருடத்துக்கு முன் காசு கொடுத்து வாங்கிய ஒரு நாவலின் மின்னூலைத் திறந்தேன். 'இந்தச் சாதனத்துக்கு அனுமதி இல்லை' என்றது. விற்ற கடைக்கு இரண்டு மடல் போட்டும் பதில் இல்லை. அதாவது, என் ஆதாரை முன்பின் தெரியாத ஒருவர் நாலு விநாடியில் திறக்கிறார். என் புத்தகத்தை என்னால் திறக்க முடியவில்லை. இரண்டும் பூட்டுதான். இரண்டிலும் உள்ளே ஓடுவது ஏறக்குறைய ஒரே வகைக் கணிதம்தான். ஆனாலும் அவை இரண்டு வேறு ஜாதிப் பூட்டுகள்; அந்த வித்தியாசம் தெரிந்தால்தான் எது உடையும், எது உடையாது, ஏன் என்பது புரியும்.

முதலில் ஆதார் பூட்டு. பெயரின் முதல் நாலு ஆங்கில எழுத்து, பெரிய எழுத்தில். அடுத்து பிறந்த வருடம். ஆதார் ஆணையமே வெளிப்படையாகச் சொல்லும் விதி இது. பெயர் தெரியாத ஒருவர் இதைத் திறக்க எத்தனை முறை முயல வேண்டும்? ஒவ்வொரு இடத்துக்கும் 26 எழுத்து, நாலு இடம். அதை நூறு வருடங்களால் பெருக்கினால் சுமார் 4 கோடியே 57 லட்சம். பெரிய எண்போலத் தெரிகிறது. பெயர் தெரிந்துவிட்டால்? வெறும் நூறு. ஆளைப் பார்த்து வயதையும் ஊகிக்க முடிந்தால் பத்துப் பன்னிரண்டு. தவறுதலாக வேறு யாருக்கோ போய்ச்சேர்ந்தால் சட்டென்று திறந்துவிடக் கூடாது என்பதற்கு அது போதும். உங்களைத் தெரிந்தவருக்கு அது பூட்டே இல்லை.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரும். ஏ.டி.எம். அட்டைக்கு நாலு இலக்கம்தானே, மொத்தமே 10,000 வாய்ப்புகள்தானே, அது மட்டும் எப்படித் தாங்குகிறது? காரணம் எண்ணில் இல்லை, காவலாளியில் இருக்கிறது. மூன்று முறை தப்பாக அடித்தால் வங்கி அட்டையை முடக்கிவிடும். கோப்புக்கு அந்தக் காவலாளி கிடையாது. அது திருடனின் கணினியிலேயே இருக்கிறது. அதை ஆயிரம் பிரதி எடுத்து, ஆயிரம் கணினியில் போட்டு, ராத்திரி முழுக்கத் தட்டிக்கொண்டே இருக்கலாம். அலுப்பு இயந்திரத்துக்குத் தெரியாது. ஒன்று விடாமல் எல்லாவற்றையும் போட்டுப் பார்க்கும் இந்த வழிக்கு 'முரட்டுத் தேடல்' என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

முரட்டுத் தேடலை எது தடுக்கும்? ஒரு சுவரில் வரிசையாகச் சுவிட்சுகள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் மேலே அல்லது கீழே. எல்லாம் சரியான நிலையில் இருந்தால் மட்டுமே பல்பு எரியும். ஒரு சுவிட்ச் என்றால் இரண்டு வாய்ப்பு. பத்து என்றால் 1,024. இருபது என்றால் பத்து லட்சத்துச் சொச்சம். ஒரு சுவிட்ச் கூடினால் வேலை இரண்டு மடங்கு. இந்தச் சுவிட்சைத்தான் கணினிக்காரர்கள் 'பிட்' என்கிறார்கள். நாற்பது பிட் சாவி என்றால் நாற்பது சுவிட்ச்: ஏறத்தாழ 1 லட்சத்து 10 ஆயிரம் கோடி வாய்ப்புகள். நொடிக்குப் பத்து லட்சம் சாவி போட்டுப் பார்க்கும் கணினிக்கு அது பதின்மூன்று நாள் வேலைகூட இல்லை. 128 பிட் என்றால்? நொடிக்கு லட்சம் கோடி சாவி போட்டாலும், எல்லாவற்றையும் முடிக்கப் பிரபஞ்சத்தின் இன்றைய வயதைப்போல 78 கோடி மடங்கு காலம் ஆகும். 40க்கும் 128க்கும் நடுவில் இருப்பது வெறும் 88 சுவிட்ச்தான்.

பாதிச் சரியாக இருந்தால் ஏதாவது துப்பு கிடைக்காதா? பழைய சூட்கேஸ் எண்பூட்டில் கிடைக்கும். மூன்று சக்கரம், ஆயிரம் வாய்ப்பு. ஆனால் மலிவான பூட்டில் சரியான எண் வந்ததும் அந்தச் சக்கரம் மட்டும் லேசாகத் தளர்வதை விரல் உணர்ந்துவிடும். அப்படித் தெரிந்துவிட்டால் ஒவ்வொரு சக்கரத்துக்கும் பத்து முயற்சி, ஆயிரம் முப்பதாகிவிடும். எங்கள் வீட்டில் சாவி எண்ணை மறந்துபோன ஒரு பெட்டியை என் மாமா இப்படித்தான் காபி ஆறுவதற்குள் திறந்தார். நல்ல கணினிப் பூட்டு இந்தத் தளர்வைக் காட்டாது. அது எப்படி என்பதுதான் இந்தக் கதையின் அழகான பகுதி.

நீங்கள் அடிக்கும் கடவுச்சொல் சரியா என்று பார்க்க, சரியான சொல்லை எங்காவது எழுதி வைத்திருக்க வேண்டும் என்றுதான் தோன்றும். அப்படி எழுதி வைத்தால் எழுதிய இடத்தைத் திருடினால் போதும். 2009 டிசம்பரில் ராக்யூ என்ற நிறுவனத்துக்கு அதுதான் நடந்தது. 3 கோடியே 20 லட்சம் கடவுச்சொற்களை அப்படியே பச்சையாக எழுதி வைத்திருந்தார்கள். அத்தனையும் வெளியே வந்தன. அவற்றில் அதிகம் பேர் வைத்திருந்தது 123456; சுமார் 2.9 லட்சம் பேர். கடவுச்சொல் உடைப்பவர்கள் இன்றும் அந்தப் பட்டியலை வைத்துத்தான் தொடங்குகிறார்கள். மனிதர்கள் என்ன நினைப்பார்கள் என்று தெரிந்தபின் எல்லாச் சுவிட்சையும் ஏன் தட்ட வேண்டும்? இதற்கு 'அகராதித் தாக்குதல்' என்று பெயர்.

சொல்லை எழுதி வைக்காமலே சரிபார்க்கும் வழி, ஆங்கிலத்தில் ஹாஷ். நான் 'அரைவை' என்று சொல்கிறேன். அரிசியும் உளுந்தும் போட்டு அரைத்தால் மாவு வரும். மாவிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியாது. ஆனால் அதே அரிசி, அதே உளுந்து, அதே அளவு போட்டால் அச்சு அசல் அதே மாவு வரும். கணினி உங்கள் கடவுச்சொல்லை அரைத்து மாவை மட்டும் வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை நீங்கள் அடிப்பதையும் அரைத்து, இரண்டு மாவையும் ஒப்பிடுகிறது. ஒரே ஒரு அரிசி மாறினாலும் மாவு முழுக்க மாறிவிடும்படி கணித அரைவை வடிவமைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே எண்பூட்டின் தளர்வு இங்கே கிடையாது. ஓர் எழுத்துதான் தப்பா, எல்லாமே தப்பா என்று மாவைப் பார்த்துச் சொல்ல முடியாது.

பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ராபர்ட் மோரிஸும் கென் தாம்ப்சனும் 1979இல் எழுதிய கட்டுரை இந்தத் துறையின் பால பாடம். மக்கள் உண்மையில் என்ன சொல் வைக்கிறார்கள் என்று அவர்கள் எண்ணிப் பார்த்தார்கள். கையில் இருந்தவை 3,289 கடவுச்சொற்கள். 86 சதவீதம் எளிதில் விழக்கூடியவை. அதில் 15 பேர் ஒரே ஒரு எழுத்தையே கடவுச்சொல்லாக வைத்திருந்தார்கள்! மனிதர்களைத் திருத்த முடியாது என்று தெரிந்துகொண்ட அவர்கள் அரைவையைத் திருத்தினார்கள். ஒன்று, வேண்டுமென்றே மெதுவாக்கினார்கள்: ஒரு முறைக்குப் பதில் 25 முறை அரைப்பு. உங்களுக்கு ஒரு கணம் கூடுதல், அவ்வளவுதான். கோடிக்கணக்கில் முயல்பவனுக்கு அது கோடிக்கணக்கில் பெருகும். இரண்டு, உப்பு. உண்மையிலேயே உப்பு என்றுதான் பெயர் வைத்தார்கள். ஆளுக்கு ஆள் வேறு அளவு உப்பைச் சேர்த்து அரைத்தால், இரண்டு பேர் ஒரே சொல் வைத்திருந்தாலும் மாவு வேறாகத் தெரியும். அகராதி முழுவதையும் முன்கூட்டியே அரைத்து டப்பாக்களில் அடுக்கி வைத்திருப்பவனின் உழைப்பு வீண். அவர்களுடைய திட்டத்தில் 4,096 வகை உப்பு இருந்தது.

இப்போது அந்த ஆதார் கோப்பின் வடிவமான பிடிஎஃப்புக்கு வருவோம். தொண்ணூறுகளின் பிடிஎஃப் கோப்பில் நீங்கள் எவ்வளவு நீளமான கடவுச்சொல் கொடுத்தாலும், அதை அரைத்து வரும் மாவிலிருந்து ஐந்து கரண்டி, அதாவது ஐந்து பைட், மட்டும் எடுத்துச் சாவி செய்தார்கள். ஐந்து பைட் என்றால் நாற்பது பிட். ஏன் இந்தக் கஞ்சத்தனம்? அதைவிட வலுவான மறையாக்கத்தை நாட்டுக்கு வெளியே விற்க அமெரிக்க அரசு அப்போது எளிதில் அனுமதிக்கவில்லை. விளைவு: இருபது எழுத்துச் சொல்லை யாரும் ஊகிக்க வேண்டியதே இல்லை, நாற்பது சுவிட்சைத் தட்டினால் போதும். எழுத்தாளர் ஸ்டீபன் கிங் 2000ஆம் ஆண்டு மார்ச் 14 அன்று ஒரு நெடுங்கதையை மின்னூலாக மட்டும் வெளியிட்டார். விலை இரண்டரை டாலர். முதல் 24 மணி நேரத்தில் 4 லட்சம் பிரதிகளுக்கு மேல் கேட்டு வந்தார்கள். அதன் பூட்டும் நாற்பது பிட்தான். சில நாட்களுக்குள் பூட்டில்லாத பிரதிகள் சுற்ற ஆரம்பித்துவிட்டன.

பூட்டு பெரிதானால் கவலை தீர்ந்ததா? அடோபி நிறுவனம் 2008இல் அக்ரோபாட் 9ஐ வெளியிட்டபோது சாவியை 128இலிருந்து 256 பிட்டாக உயர்த்தியது. ஆனால் முந்தைய பதிப்புகளில் கடவுச்சொல்லை ஐம்பது முறைக்கு மேல் அரைத்துவிட்டு, அதன்மேல் இன்னும் இருபது சுற்றுக் கலக்குவார்கள். புதிய பதிப்பில் ஒரே ஒரு அரைப்பு. கடவுச்சொல் மீட்பு மென்பொருள் விற்கும் எல்காம்சாஃப்ட் என்ற மாஸ்கோ நிறுவனம் வேகத்தை அளந்து பார்த்து, புதிய கோப்பில் நூறு மடங்கு வேகமாகக் கடவுச்சொற்களை முயல முடிகிறது என்று சொன்னது. அடோபியும் அதை ஒப்புக்கொண்டது. கதவு தேக்கில், தாழ்ப்பாள் தகரத்தில்! அடுத்த பதிப்பில் மறுபடி பல சுற்று அரைவைக்கே திரும்பினார்கள்.

பிடிஎஃப்பில் இன்னொரு கடவுச்சொல்லும் உண்டு. கோப்பு திறக்கும், படிக்கலாம்; ஆனால் அச்சிடக் கூடாது, நகலெடுக்கக் கூடாது என்று சொல்லும். இதை உடைப்பது பற்றிப் பேச ஒன்றுமே இல்லை. கோப்பு திறந்துவிட்டது என்றாலே எழுத்துகளை விடுவிக்கும் சாவி மென்பொருளின் கைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். 'அச்சிடாதே' என்பது கோப்புக்குள் எழுதி வைத்த ஒரு குறிப்பு. மதிக்கிற மென்பொருள் மதிக்கும். 'இங்கு விளம்பரம் செய்யாதீர்' என்று சுவரில் எழுதுவதுபோல.

ஆதார் கோப்பில் சாவி உங்கள் தலையில் இருக்கிறது, திருடனிடம் இல்லை. இந்த 'அச்சிடாதே' குறிப்பிலோ சாவி ஏற்கெனவே படிப்பவரிடம் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கும் மின்னூல் இந்த இரண்டாவது ஜாதி. எண்ணிம உரிமை மேலாண்மை, சுருக்கமாக டி.ஆர்.எம்., என்பது தெருவில் போகும் திருடனைத் தடுக்கப் போட்ட பூட்டு அல்ல. புத்தகத்தை வாங்கிய உங்களைத் தடுக்கப் போட்டது. நீங்கள் படிக்க வேண்டும், ஆனால் பிரதி எடுக்கக் கூடாது. படிக்க வேண்டுமென்றால் சாவி உங்கள் கணினிக்கு வந்தே தீர வேண்டும். வந்தபின் அதை உங்களிடமிருந்தே ஒளிக்க வேண்டும்.

திருடனுக்காக வாசலில் பூட்டுப் போடுவது ஒன்று. வீட்டிலேயே இருக்கும் பிள்ளையிடமிருந்து முறுக்கு டப்பாவை ஒளிப்பது இன்னொன்று. பிள்ளைக்கு அவசரமே இல்லை. கோடை விடுமுறை முழுக்க நேரம் இருக்கிறது. அம்மா சாயங்காலம் முறுக்கு எடுக்கும்போது எந்தப் பக்கம் பார்க்கிறாள், எந்த ஸ்டூலை இழுக்கிறாள் என்று கவனித்தால் போதும். மின்னூல் உடைப்பவர்கள் செய்வதும் அதையேதான். படிப்பான் மென்பொருள் ஒரு பக்கத்தைத் திரையில் காட்ட, ஏதோ ஒரு கணத்தில் சாவியைக் கையில் எடுத்தாக வேண்டும். அந்த மென்பொருளை ஒவ்வோர் அடியாக நிறுத்தி நிறுத்தி ஓடவிட்டு அந்தக் கணத்துக்காகக் காத்திருப்பார்கள். 128 பிட்டோ 256 பிட்டோ, ஒரு சுவிட்சைக்கூடத் தட்ட வேண்டாம். இதில் கொடுமை, தெருவில் எல்லா வீட்டிலும் டப்பா ஒரே பரணில்தான். ஒரு பையன் கண்டுபிடித்துவிட்டால் எல்லாப் பையன்களுக்கும் முறுக்கு.

டிமித்ரி ஸ்க்லியாரோவ் அப்படிக் கண்டுபிடித்தவர். எல்காம்சாஃப்ட் ஊழியர், அப்போது வயது 26. 2001 ஜூலையில் லாஸ் வேகஸில் நடந்த டெஃப்கான் மாநாட்டில், மின்னூல் பாதுகாப்பு ஏட்டில் எப்படி, நடைமுறையில் எப்படி என்று ஓர் உரை நிகழ்த்தினார். சந்தையில் விற்ற பூட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினார். ஒன்றில் எல்லா நூல்களுக்கும் ஒரே சாவி. இன்னொன்று ரோட்-13, அதாவது ஒவ்வோர் ஆங்கில எழுத்துக்கும் பதில் பதின்மூன்று தள்ளி வரும் எழுத்தைப் போடுவது. நாம் சின்ன வயதில் எழுத்துக்கு எழுத்து 'க' சேர்த்து 'கநீ கவா' என்று பேசிய க-பாஷைக்கு அண்ணன் முறை. அடோபியின் மின்னூல் பூட்டு இவற்றைப்போலக் குழந்தைத்தனமானது அல்ல. ஆனால் அதன் சாவியும் வாசகரின் கணினிக்குள்ளேயே ஒளிந்திருந்தது. முறையாக வாங்கிய நூலிலிருந்து பூட்டை நீக்கிச் சாதாரண பிடிஎஃப் ஆக்கும் மென்பொருளை எல்காம்சாஃப்ட் ஏற்கெனவே விற்றிருந்தது. ரஷ்யாவில் அப்போது அது குற்றமில்லை.

ஜூலை 16, ஊர் திரும்பக் கிளம்பும்போது எஃப்.பி.ஐ. அவரைக் கைது செய்தது. பூட்டை உடைக்கும் கருவியை விற்பதே குற்றம் என்று சொல்லும் 1998ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டத்தின்கீழ். புகார் கொடுத்த அடோபி, எதிர்ப்புக் கிளம்பியதும் ஒரே வாரத்தில் பின்வாங்கிவிட்டது, அரசு விடவில்லை. ஆகஸ்ட் 6இல் 50,000 டாலர் ஜாமீனில் வெளியே வந்தார், டிசம்பரில்தான் ஊருக்குப் போக முடிந்தது. எல்காம்சாஃப்ட் நிறுவனத்தின் மீதான வழக்கு சான் ஹோசேயில் நடந்து, 2002 டிசம்பர் 17 அன்று ஜூரிகள் விடுதலை என்றார்கள். சட்டத்தை மீறுகிறோம் என்று தெரிந்தே செய்தார்கள் என்பதை அரசுத் தரப்பால் நிறுவ முடியவில்லை.

மறையியலில் ஆகஸ்ட் கெர்க்ஹாஃப்ஸ் 1883இல் எழுதிய ஒரு விதி உண்டு: பூட்டின் அமைப்பு எதிரிக்கு முழுக்கத் தெரிந்தாலும், சாவி மட்டும் தெரியாத வரையில் அது தாங்க வேண்டும். டி.ஆர்.எம். இந்த விதிக்குள் வரவே முடியாது. ஒளித்த இடம்தான் அதன் மொத்தப் பலம். இடத்தைப் பற்றிப் பேசினாலே பூட்டு போச்சு. கணிதத்தால் காக்க முடியாததைக் காக்கச் சட்டத்தைக் கூப்பிட்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. இன்றைய கைபேசிகளில் சாவியைத் தனிச் சில்லுக்குள் புதைக்கிறார்கள். பரண் உயரமாகியிருக்கிறது. டப்பா இன்னும் வீட்டுக்குள்தான்.

இந்தப் பூட்டு யார் மேல் விழுகிறது என்பதற்கு ஒரு பழைய உதாரணம். அடோபி படிப்பானுக்கென வெளியான 'ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்' மின்னூல் ஒன்றின் அனுமதிப் பட்டியலில், 'இந்த நூலை உரக்கப் படிக்கக் கூடாது' என்று இருந்தது. 1865இல் வந்த, காப்புரிமை எப்போதோ முடிந்துபோன குழந்தைகள் நூல்! கணினியே வாசித்துக் காட்டும் வசதியைத்தான் அப்படிக் குறிப்பிட்டோம் என்று அடோபி விளக்கியது. சிரித்துவிட்டுப் போகலாம்தான், ஆனால் பார்வையற்ற வாசகருக்கு அந்த வசதிதான் கண். 2003இல் அமெரிக்கா அந்த 1998 சட்டத்திலிருந்து அவர்களுக்காக விலக்கு கொடுத்தது. இந்தியாவில் 2012இல் திருத்திய காப்புரிமைச் சட்டம் கொஞ்சம் நிதானமானது. உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால்தான் குற்றம், இரண்டு ஆண்டு வரை சிறை. மாற்றுத்திறனாளிகளுக்காக நூலை மாற்று வடிவத்தில் தர அதே திருத்தம் தனியாக இடம் விட்டிருக்கிறது.

பூட்டே வேண்டாம் என்று போனவர்களும் உண்டு. அறிவியல் புனைவு வெளியிடும் டோர் பதிப்பகம் 2012இல் தன் மின்னூல்களிலிருந்து டி.ஆர்.எம்.மை எடுத்துவிட்டது. அதே ஆண்டு ஹாரி பாட்டர் மின்னூல்களைப் பூட்டுக்குப் பதில் நீர்க்குறியோடு விற்றார்கள்: யார் வாங்கிய பிரதி என்பதன் தடம் கோப்புக்குள் இருக்கும், பிரதி ஊர் சுற்றினால் எங்கே கிளம்பியது என்று தெரிந்துவிடும்.

நம் பக்கம் வாட்ஸாப்பில் சுற்றும் தமிழ் நூல்களில் நான் பார்த்த பெரும்பாலானவற்றுக்கு இந்தக் கணிதம் எதுவும் தேவைப்பட்டிருக்காது. அச்சுப் புத்தகத்தை விரித்துவைத்துக் கைபேசியில் எடுத்த படங்கள் அவை. சென்ற வாரம் ஒரு குழுவில் 300 பக்க நாவல் ஒன்று வந்து விழுந்தது. யாரோ பக்கம் பக்கமாகப் புரட்டி எடுத்திருக்கிறார்கள். மத்தியான வெயில் சாய்ந்து மாலையாவது தாளின் நிறத்திலேயே தெரிகிறது. 83ஆம் பக்கத்தின் ஓரத்தில் ஒரு கட்டைவிரல், நகத்தில் பாதி அழிந்த மருதாணி.

என் டேப்லெட்டில் திறக்க மறுப்பதும் அதே நாவல்தான்.